ஐயாயிரம் பாட்டும் ஒரு பெட்டியும்

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, சாதகம் பொருத்தி, நாள் வைத்து முடிக்க எமக்கு ஆறு கிழமை போதுமாயிருந்தது. ஒரு பாட்டுப் பெட்டியை வாங்குவதா விடுவதா என்று தீர்மானிக்க மூன்று மாதம் சென்றது. கேட்பவர் நகைப்பர், நாமும் நகைத்தோம். ஆயினும் எமது வீட்டு விறாந்தையில் நடந்த அந்த நீண்ட வழக்கின் முடிவில், வாதியும் பிரதிவாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தலைகுனியும்படி ஒரு தீர்ப்பு வந்தது. இதே வழக்கு வேறு வீடுகளிலும் நடக்கக்கூடும். ஆதலால் அதனை இங்கே சொல்லி வைக்கிறோம்.

எமது வீடு இணுவிலில் உள்ளது. நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர். வீட்டில் இப்போது நால்வர்: 86 வயது நிறைந்த எமது தாயார், இல்லாள், ஓய்வு பெற்ற ஆசிரியராகிய நாம், கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகள் எம்மிடம் விட்டிருக்கும் 12 வயதுப் பேரன்.

தாயாருக்கு இரண்டு ஆண்டுகளாகக் கண் மங்கி வந்தது. கண்ணின் உள்ளே அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கும் நோய். போன பார்வையை மீட்க இயலாது, எஞ்சியதைக் காக்கத் துளிமருந்து விடலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முதலில் பத்திரிகை வாசிப்புப் போயிற்று. அடுத்துத் தொலைக்காட்சி போயிற்று. பின்பு அரிசியில் கல் பொறுக்கும் வேலையும் கையை விட்டுப் போயிற்று. மூன்றாவது இழப்புத்தான் அவரை அதிகம் வாட்டியது. செவி மட்டும் பழைய கூர்மையுடன் இருந்தது. படலை திறக்கும் ஓசையைக் கொண்டே வருபவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். பகல் முழுவதும் சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டுப் பின்னேரத்தில் எம்மிடம், "தம்பி, இண்டைக்குப் பொழுது போகவே மாட்டனெண்டு நிண்டது" என்பார்.

இதனைக் கேள்வியுற்ற எமது மகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, அப்பம்மாவுக்கு ஒரு கார்வான் வாங்கிக் குடுங்கோ. காசு நான் அனுப்புறன்" என்றான். வழக்கு அன்று தொடங்கியது.

கார்வான் என்பது இந்தியாவின் சரிகம நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பாட்டுப் பெட்டி. ஒலிபெருக்கிக் குழலின் முன் நாயொன்று செவிசாய்த்திருக்கும் படத்தை இசைத்தட்டுகளிலே கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்நிறுவனம் புதிதன்று. 1901இல் கல்கத்தாவில் கிளை தொடங்கிய கிராமபோன் கம்பனியே பிற்காலத்தில் சரிகம எனப் பெயர் பெற்றது. கார்வான் பெட்டிக்குள் 5,000 பாடல்கள் முன்னரே பதிந்து வைக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பாடல்களுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. பாடகர், இசையமைப்பாளர் என்று வகை பிரித்திருப்பார்கள்; வேண்டியவரைத் திருகினால் அவர் பாட்டு வரும். இணையமும் வேண்டாம், கசெற்றும் வேண்டாம். பற்றறியை ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பாடும்.

எமது மனத்தைக் கவர்ந்தது அதன் தோற்றந்தான். பாட்டுக் கருவியின் சரித்திரம் முழுவதும் சட்டைப் பையை நோக்கிய பயணம் எனலாம். 1954இல் அமெரிக்காவில் கைக்கடக்கமான திரான்சிஸ்ரர் வானொலி விற்பனைக்கு வந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றைக் கொண்டு வந்தது. 1979 யூலையில் யப்பானின் சொனி நிறுவனம் வோக்மன் என்ற கருவியை வெளியிட்டு, தெருவில் நடப்பவனும் தன் காதுக்குள்ளே தனியாகப் பாட்டுக் கேட்க வழி செய்தது. 2001 ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் 1,000 பாட்டைப் பையில் வைக்கலாம் என்று சொல்லி வந்தது. அந்த ஐபொட்டையும் தொலைபேசி விழுங்கிவிட, 2022 மே மாதத்தில் அதனை நிறுத்துவதாக அப்பிள் அறிவித்தது. இப்படி எல்லாம் சிறுத்துச் சிறுத்து மறைந்த பின்னர், கார்வான் மட்டும் எதிர்த்திசையில் நடந்து, பழைய வானொலிப் பெட்டி போலவே மேசைமேல் வந்து அமர்ந்திருக்கிறது. தடவி அறியக்கூடிய திருகு அதற்குண்டு. கண் தெரியாத விரலுக்குத் திருகு ஒரு பெரும் உதவி அல்லவா?

ஆனால் இல்லாள் ஒத்துக்கொள்ளவில்லை. "கையில தொலைபேசி இருக்கேக்க உந்தப் பெட்டி என்னத்துக்கு? அதில இல்லாத பாட்டோ? பிள்ளை குளிருக்குள்ள நிண்டு உழைக்கிற காசு" என்றார். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆகவே தொலைபேசியைத் தாயாரின் மடியில் வைத்துப் பரீட்சை செய்தோம். சுசீலாவின் பாட்டொன்று பாதியிலே நின்று, சவர்க்கார விளம்பரம் ஒன்று வந்தது. அதனைத் தள்ளிவிட முயன்ற தாயாரின் விரல் எங்கோ பட, முன்பின் அறியாத ஒருவர் மீன் பொரிக்கும் முறையை விளக்கத் தொடங்கினார். சைவச் சாப்பாட்டு நாளான வெள்ளிக்கிழமையில் இது நடந்தது. "இந்தக் கண்ணாடியில கரையுமில்லை, நடுவுமில்லைப் பிள்ளை. எங்கையெண்டு தொடுறது?" என்று மருமகளிடம் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆட்சேபம் பழைய அனுபவத்திலிருந்து வந்தது. முன்னொரு முறை நல்லூர்த் திருவிழாக் காலத்தில், தெருவோரக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்தோம். மூன்றாம் கிழமை அது கரகரத்து ஓய்ந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது திருவிழாவும் முடிந்திருந்தது, கடையும் இல்லை. அதனை நினைவூட்ட இல்லாள் ஒருநாளும் தவறியதில்லை.

மின்வெட்டைப் பற்றிய ஆட்சேபமும் எழுந்தது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை யார்தான் மறப்பார்? ஐந்து மணி நேரப் பற்றறி அப்படியொரு நாளுக்கு எங்ஙனம் போதும் என்று கேட்டவர் இல்லாள் அல்லர்; நாமே. உண்மையில் எமது எதிர்ப்பு மின்சாரத்தைப் பற்றியதன்று. அதனை வெளியே சொல்ல எமக்கு வாய் வரவில்லை. அதற்கான சாட்சியைப் பேரன்தான் எடுத்து வந்தான்.

மின்னேற்றும் வயரொன்றைத் தேடி மேசை லாச்சியைக் கிளறியவன், துருப்பிடித்த ஓர் இரும்புக் குமிழைக் கையில் ஏந்தி வந்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். எமது தந்தையாரின் சயிக்கிள் டைனமோ அது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. தடை செய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. இரவில் வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலில் எண்ணெயும் திரியும் இட்டோம். செய்தி கேட்க என்ன செய்வது? எமது கசெற் றேடியோவுக்குப் பெரிய பற்றறி நான்கு வேண்டும். நான்கும் சேர்ந்தால் 6 வோல்ற்று. சயிக்கிள் டைனமோ தருவதும் அதே 6 வோல்ற்று. ஆனால் டைனமோவின் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி ஓடுவது. றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடவேண்டும். அதற்கு டயோட்டு நான்கும் கொண்டென்சர் ஒன்றும் இடையிலே பொருத்துவார்கள். இதனைப் பாடசாலையில் படித்தவர்களும் செய்தார்கள், படியாதவர்களும் செய்தார்கள். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினால் சில்லு ஓடும், டைனமோ சுழலும், றேடியோ பேசும். அந்நாளில் குடாநாட்டின் எத்தனையோ வீடுகளில் இதுவே மின்சார நிலையம்.

எமது வீட்டில் சுற்றுபவர் தந்தையார். இரவு ஒன்பது மணிக்குப் பின் பி.பி.சி. தமிழோசை. அயலவர் விறாந்தையில் வந்து குந்தியிருப்பார்கள். செய்தி முடிந்த பின்னும் தந்தையாரின் கை சோராதிருந்தால் தாயாருக்காக ஒரு பாட்டு. ஒன்றே ஒன்று. எந்தப் பாட்டு என்பதைத் தாயார் பகல் முழுவதும் யோசித்து வைப்பார். உலக்கை போடும்போதும், கிணற்றடியில் நிற்கும்போதும் அவர் மனத்தில் அந்தத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். டைனமோவின் சக்தியை வீணாக்கலாகாதென்று, பேனையைக் கசெற்றின் பல்லுக்குள் விட்டு நாடாவைக் கையாலே சுற்றி, வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார். சௌந்தரராஜன் பாடும்போது தந்தையாரின் கை தளர்ந்தால் சௌந்தரராஜனும் தளர்வார். கை விரைந்தால் அவரும் நிமிர்வார். பாட்டு முடிந்ததும் தாயார், "காணும், கை நோகும்" என்பார். அத்துடன் வீடு உறங்கும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. மழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்திரளில் நாமும் நடந்தோம். சயிக்கிளில் அரிசி, இரண்டு பாய், தலையணை, பிள்ளைகளின் உடுப்பு. பாட்டுப் பெட்டியை ஏற்றுவதா விடுவதா என்று தீர்மானிக்க அன்று அரை நிமிடமும் செல்லவில்லை. அது மேசைமேல் இருந்தபடியே இருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். 1996இல் திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன, கூரையிற் பாதி இருந்தது, பெட்டி இருக்கவில்லை. சயிக்கிளோடு போன டைனமோ மட்டும் சயிக்கிளோடு திரும்பி வந்தது.

தந்தையார் 2003இல் மறைந்தார். அதன்பின் தாயார் எம்மிடம் ஒரு பாட்டுக் கேட்டதில்லை. பிறகு வீட்டில் மின்சாரம் இருந்தது, வானொலி இருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது. யாரேனும் போட்டால் கேட்பார், நிறுத்தினால் பேசாதிருப்பார். பெட்டி வேண்டாமென்று நாம் உள்ளூர நினைத்ததன் காரணம் இதுவே. ஆறிய புண்ணை ஐயாயிரம் பாட்டால் கீறுவானேன் என்று அஞ்சினோம்.

பேரனுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னோம். அவன் கேட்டுவிட்டுக் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான். இரவுக்கு ஒரு பாட்டு வீதம் 5,000 பாட்டையும் கேட்டு முடிக்க 13 ஆண்டும் 8 மாதமும் செல்லும். "தாத்தா, அப்ப பூட்டிக்கு நூறு வயசு ஆக நாலு மாதந்தான் மிச்சமிருக்கும்" என்றான். பின்பு எம்மை நிமிர்ந்து பார்த்து, "பூட்டியிட்டைக் கேட்டனீங்களோ?" என்றான்.

கேட்கவில்லை. மூன்று மாதமாக ரொறன்ரோவும் இணுவிலும் வாதாடிய வழக்கில், யாருக்காக வழக்கோ அவரை ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

அன்று மாலை விளக்கு வைத்த பின், தாயாரின் அருகில் அமர்ந்து விஷயத்தைச் சொன்னோம். பெட்டியின் வடிவத்தை அவர் கையைப் பிடித்துக் காற்றிலே வரைந்து காட்டினோம். ஐயாயிரம் என்ற தொகையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "உதுக்கு ஆர் சுத்துறது?" என்று கேட்டார்.

"சுத்தத் தேவையில்லைப் பூட்டி. உள்ளுக்குப் பற்றறி இருக்கு. அது தானாப் பாடும்" என்றான் பேரன்.

"அது பாடும். நான் தனியவோ இருந்து கேக்கிறது?"

எவரும் மறுமொழி சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். இளவயதில் இலங்கை வானொலியில் மயில்வாகனன் பேசும்போது தம்முடனேயே பேசுவது போல இருக்கும் என்றார். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கையில் அடுப்படியில் ஆளொருவர் நின்று கதைப்பது போலிருக்கும் என்றார். அந்த ஒலிபரப்புக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்டதும், கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சும், அப்துல் ஹமீது அவர்களின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியும் எமக்கும் நினைவுக்கு வந்தன. "பாட்டு எல்லாம் எனக்குத் தெரியுந்தானே தம்பி. பாட்டுக்கு முன்னால ஒரு ஆள் வேணும். கொப்பர் சுத்தேக்க நான் பாட்டையே கேட்டனான்? மனிசன் மூச்சு வாங்கிறதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பன்" என்றார்.

வழக்குத் தீர்ந்தது. நாம் இல்லாளின் முகத்தைப் பார்க்கவில்லை. இல்லாளும் எம் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசி வேண்டுமென்று நின்ற அவரும், தயங்கி நின்ற நாமும், காசு அனுப்ப முன்வந்த மகனும் ஒரே காரியத்தைத்தான் தேடியிருந்தோம். எமக்குப் பதிலாக அந்தக் கதிரையருகே இருக்கத்தக்க ஒன்றை வாங்கப் பார்த்தோம். அவரவர்க்கு வேலை இருந்தது உண்மை. மகனுக்குக் கடல் இடையில் இருந்ததும் உண்மை. ஆனால் எமது விறாந்தைக்கும் எமது வாசிப்பு மேசைக்கும் இடையில் இருந்தது பதினைந்து அடி மட்டுமே.

அப்படியானால் பெட்டியை வாங்காமல் விட்டோமா என்று கேட்பீர்கள். வாங்கினோம். பாட்டும் வேண்டியதுதான், தடவிப் பிடிக்கத் திருகும் வேண்டியதுதான். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ரில் மீண்டும் தொடங்கியது. சிதம்பர தரிசனத்துக்குப் போன அயலவர் ஒருவர் அவ்வழியே அதனைக் கொண்டுவந்து தந்தார். விலை எமது ஓய்வூதியத்தில் ஏறத்தாழப் பாதி. மகனிடம் காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் அப்பம்மாவுடன் பேசவேண்டும் என்று கேட்டோம். அவனுக்கு அது காலை, எமக்கு அது மாலை.

முதல் நாள் பெட்டியைத் தாயாரின் மடியில் வைத்தோம். விரலால் நான்கு கரையையும் தடவினார். திருகைக் கண்டுகொண்டு இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "இது றேடியோதான்" என்றார். பேரன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அறிவிப்பாளர் குரலில் பாடகியின் பெயரையும் படத்தின் பெயரையும் அறிவித்தான். சுசீலா பாடினார். பாட்டு முடிந்ததும் தாயார் கையை உயர்த்தி, "காணும்" என்றார். அதற்கடுத்த இரு சொற்களையும் நாம் எதிர்பார்த்திருந்தோம். அவை வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் படத்தைத் தாம் எந்தக் கொட்டகையில் பார்த்தார், வழியில் வண்டில் மாடு எப்படி மிரண்டது, தந்தையார் எப்படி வேட்டியில் சேறு பூசிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார் என்பதை முக்கால் மணி நேரம் சொன்னார். பாட்டு மூன்றரை நிமிடம். கதை முக்கால் மணி. 40 ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்த நாம், எம் தாயாரின் வரலாற்றில் அந்த அத்தியாயத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

அன்று முதல் இரவுக்கு ஒரு பாட்டு என்பது வீட்டு முறையாயிற்று. தாயார் பகலிலே யோசித்து வைக்கிறார். கேட்ட பாட்டுப் பெட்டியில் இல்லையெனில், "கம்பனிக்காரனுக்குத் தெரியாத பாட்டு" என்று தாமே முதலடியை மெல்லப் பாடிக் காட்டுகிறார். திருகைத் திருப்ப அவருக்கு இப்போது நன்கு தெரியும். ஆயினும் ஒருநாளும் தனியே திருப்பியதில்லை. ஒருவர் வந்து அமரும்வரை காத்திருப்பார்.

வீட்டு முதியவருக்கு இத்தகைய பெட்டி வாங்கலாமா என்று எம்மிடம் சிலர் விசாரிக்கிறார்கள். வாங்குங்கள் என்றே சொல்கிறோம். ஆனால் விலையையும் பற்றறியையும் விசாரிக்கும் முன், மாலையில் அதன் அருகே இருப்பவர் யார் என்பதை வீட்டிலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதனைத் தீர்மானித்துவிட்டால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டியே.

பேரன் தன் கொப்பியில் கணக்கு வைத்து வருகிறான். நேற்றுவரை 41 பாட்டு, மீதி 4,959. இன்று அருகில் இருக்கும் முறை எம்முடையது. விளக்கு வைக்கும் நேரமாகிறது. இத்துடன் பேனையை வைக்கிறோம்.